கூரை போட்ட பாலம்

பாலத்துக்கு எதுக்குங்க கூரை?

மொக்கைக் கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனா அமெரிக்காவுல கூரை போட்ட மரப்பாலம் ஒண்ணைப் பார்க்கிற நம்ம ஆளுங்க முதல்ல கேட்கிறது இதைத்தான். பதிலும் ஆளுக்கு ஒண்ணு தயாரா வெச்சிருப்பாங்க. பாலத்து மேல பனி கொட்டாம இருக்க. குதிரைங்க கீழ ஓடற தண்ணியைப் பார்த்து மிரளாம இருக்க. காதலர்கள் வண்டியை நிறுத்திட்டு ரெண்டு நிமிஷம் தனியா இருக்க. கடைசி பதிலுக்குத்தான் ஆதரவு ஜாஸ்தி :)

இதுல பனி பத்தின பதில் அப்படியே தலைகீழ். பனிக்காலத்துல அந்த ஊர்ல எல்லாம் சக்கர வண்டியை ஓரங்கட்டிட்டு சறுக்கு வண்டியைத்தான் ஓட்டுவாங்க. அது போகணும்னா கீழ பனி வேணும். கூரை போட்ட பாலத்துக்குள்ள பனியே இருக்காதே? அதனால ஆளை வெச்சு வெளியிலிருந்து பனியை அள்ளி, பாலத்துக்குள்ள கொட்டிப் பரப்புவாங்க. பனி வரக் கூடாதுன்னு கூரை போட்டுட்டு அப்புறம் கூலி கொடுத்துப் பனி கொட்டுவாங்களா என்ன?

உண்மையான காரணம் ரொம்ப சாதாரணம். மரம் நனைஞ்சா மக்கும். பாலத்தோட பாரத்தைத் தாங்கற சட்டம் மழையிலயும் வெயில்லயும் திறந்து கிடந்தா பத்து, பதினஞ்சு வருஷத்துல கதை முடிஞ்சிடும். மேல ஒரு கூரை, ரெண்டு பக்கமும் பலகைன்னு மூடிட்டா அதே மரம் நூறு வருஷம் தாண்டி நிக்கும். 1805-ல பிலடெல்பியாவுல ஸ்கூல்கில் ஆத்து மேல டிமோதி பாமர் கட்டின பாலத்தைத்தான் அமெரிக்காவோட முதல் கூரைப் பாலம்னு சொல்றாங்க. அதுல எனக்குப் பிடிச்ச விஷயம், மூடச் சொல்லி வற்புறுத்தினது பாமர் இல்லை. பாலம் கட்டின கம்பெனிக்குத் தலைவரா இருந்த நீதிபதி ரிச்சர்ட் பீட்டர்ஸ். அதாவது, பணம் போட்டவங்க பக்கத்து ஆளு. பத்து வருஷம் கழிச்சு மறுபடி செலவு பண்ண வேண்டியது யாருங்கற கவலை அவருக்குத்தானே இருக்கும்!

ஆக, கூரை அழகுக்குப் போட்டதில்லை. நமக்காகப் போட்டதும் இல்லை. பாலம் தனக்குத்தானே பிடிச்சுக்கிட்ட குடை அது. குடை நனையறதுக்குன்னே இருக்கு. கிழிஞ்சா வேற மாத்திக்கலாம். உள்ள இருக்கிறது நனையக் கூடாது, அவ்வளவுதான்.

இந்தப் பதிவு அந்த 'மாத்திக்கலாம்' பத்தித்தான்.

*

நான் சொல்ல வர்ற பாலம் கலிபோர்னியாவுல இருக்கு. சாக்ரமென்டோவுக்கு வடகிழக்கே, சியரா மலையடிவாரத்துல, சவுத் யூபா ஆத்துக்கு மேல. இடத்துக்குப் பேரு பிரிட்ஜ்போர்ட். இப்ப அது சவுத் யூபா ரிவர் மாநிலப் பூங்காவுக்குள்ள இருக்கு. இருக்கிற மாவட்டத்துக்குப் பேரு நெவாடா கவுண்டி. பேரைப் பார்த்துட்டு வண்டியை நெவாடா மாநிலத்துக்கு விட்டுடாதீங்க.

1861-62 குளிர்காலத்துல கலிபோர்னியாவையே புரட்டிப் போட்ட ஒரு பெருவெள்ளம் வந்துது. மலையில இருந்து இறங்கற ஆறுகள்ல இருந்த பாலங்கள் நிறைய அதுல போயிடுச்சு. அந்த வெள்ளம் வடிஞ்ச அதே 1862-ல டேவிட் வுட்ங்கறவர் இந்தப் பாலத்தைக் கட்டினார். மரம் அறுக்கற மில் சொந்தமா வெச்சிருந்தவர். பேர்லயே மரம்! (நான் எதுவும் சேர்க்கலை, மனுஷன் பேரே அதுதான்.) அவரோட மில்லுல அறுத்த டக்ளஸ் ஃபர் மரம்.

எதுக்காகக் கட்டினாங்க? கலை ஆர்வம் எல்லாம் கிடையாது. சுத்தமா காசுக்காக. அப்ப நெவாடாவுல காம்ஸ்டாக் வெள்ளிச் சுரங்கம் கொழிச்சுக்கிட்டு இருந்த நேரம். சாமான் ஏத்தின வண்டிங்க கலிபோர்னியா சமவெளியில இருந்து மலையைத் தாண்டி அங்க போகணும். வழியில சுங்கம் வசூலிக்கிற தனியார் சாலை ஒண்ணு, அதோட ஒரு பகுதி இந்தப் பாலம். இன்னைக்கு டோல்கேட்டுல பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கறோமே, அதே சமாச்சாரம்தான். வண்டிக்கு இவ்வளவு, குதிரைக்கு இவ்வளவு.

நீளம் சுமார் 230 அடி. நடுவுல ஒரு தூண் கூட இல்லை. இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கு ஒரே தாவு. இன்னைக்கு நிக்கிற பழைய மரக்கூரைப் பாலங்கள்லயே ஒற்றைத் தாவுல மிக நீளமானது இதுதான்னு சொல்றாங்க. நியூயார்க் மாநிலத்துல பிளென்ஹைம்னு ஒரு பாலம் இதுக்குப் போட்டியா இருந்துது. அதைப் பத்தி கீழ வர்றேன்.

*

போன வசந்த காலத்துல நாங்க நாலு பேர், புளிசாதம் தயிர்சாதம் சகிதமா கிளம்பிப் போனோம். வெளியில இருந்து பார்த்தா, பக்கச் சுவர் முழுக்க மீன் செதிள் மாதிரி சின்னச் சின்ன மரச் சில்லுகள். அந்தச் சுவர்லயே ஒரு பெரிய வில்லோட வளைவு தெரியும். சரி, டிசைன் போலன்னு நினைச்சுக்கிட்டே உள்ள போனா, அது டிசைன் இல்லை, எலும்பு.

முதல் வருஷ எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ்ல முக்கோணம் முக்கோணமா வரைஞ்சு, மெத்தட் ஆஃப் ஜாயின்ட்ஸ்னு பக்கம் பக்கமா கணக்கு போட்டது ஞாபகம் இருக்கா? இந்த ஜென்மத்துல இது எங்க உதவப் போகுதுன்னு புலம்பிக்கிட்டே போட்டோமே, அதேதான். அந்தப் படம் மரத்துல செஞ்சு கண்ணு முன்னாடி நிக்குது. வில்லியம் ஹோவ்ங்கறவர் 1840-ல காப்புரிமை வாங்கின ட்ரஸ். குறுக்குச் சாய்வா போற மரமெல்லாம் அழுத்தத்தைத் தாங்கும். செங்குத்தா போறது மட்டும் இரும்புக் கம்பி, அது இழுவிசையைத் தாங்கும். மரம் அமுக்கினா நல்லாத் தாங்கும், ஆனா இழுக்கற இடத்துல அதோட இணைப்பு பலவீனம். இரும்புக் கம்பி இழுத்தா தாங்கும். யாருக்கு எது வருமோ அந்த வேலையைக் கொடுத்திருக்கார் மனுஷன். நம்ம மேனேஜருங்க கத்துக்க வேண்டியது :)

அது போதாதுன்னு, ட்ரஸ்ஸோட சேர்த்து ரெண்டு பக்கமும் பெரிய மர வளைவு. வெளியில தெரிஞ்ச அந்த வில் இதுதான். ட்ரஸ்ஸும் வளைவும் பாரத்தைப் பங்கு போட்டுக்கும். ஒண்ணு கொஞ்சம் தளர்ந்தா இன்னொண்ணு பிடிச்சுக்கும்.

என்னை நிறுத்தி வெச்சது அந்த இரும்புக் கம்பிகளோட முனை. அங்க நட்டு இருக்கு. மரம் காய்ஞ்சு சுருங்கும், இணைப்பெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா இளகும். இது ஹோவுக்குத் தெரியும். அதனால இளகினா ஒரு ஆள் ஸ்பேனரோட வந்து திருகி இறுக்கற மாதிரி வெச்சுட்டார். கூரை கெட்டா மாத்தலாம். பக்கச் சில்லு கெட்டா மாத்தலாம். நடக்கற பலகை தேய்ஞ்சா மாத்தலாம். கம்பி இளகினா இறுக்கலாம்.

"அந்தக் காலத்துல எப்படிக் கட்டியிருக்கான் பாருடா! இப்ப எவன் கட்டறான் இப்படி"ன்னு கூட வந்த நண்பன் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சான். எங்க போனாலும் நம்ம ஆளுங்க சொல்ற வசனம் இது. எனக்கு இதுல உடன்பாடே கிடையாது. இதைக் கட்டினவங்க 'இது காலத்துக்கும் நிக்கும்'னு நம்பிக் கட்டலை. நேர் எதிரா, 'இது கெடும்'னு தெரிஞ்சு கட்டினாங்க. எது முதல்ல கெடணும், எது கடைசி வரைக்கும் கெடக் கூடாதுன்னு யோசிச்சு, முதல்ல கெடப்போறதை மலிவாவும் சுலபமா கழட்டற மாதிரியும் வெச்சாங்க. 1862-ல கட்டினது இன்னைக்கும் நிக்குதுன்னா, கட்டினவங்க திறமை பாதி. மீதிப் பாதி, பேர் தெரியாத யாரோ நூத்தம்பது வருஷமா ஏணி வெச்சு ஏறி கூரையைச் சரி பண்ணினது.

அந்த ரெண்டாவது பாதிக்குத்தான் நாம யாரும் கைதட்டறதில்லை.

*

இப்ப கதையோட சங்கடமான பகுதிக்கு வர்றேன்.

1862-ல இருந்து 1972 வரைக்கும், 110 வருஷம், அந்தப் பாலத்து மேல வண்டி ஓடியிருக்கு. மாட்டு வண்டி, குதிரை வண்டி, அப்புறம் கார், லாரி. 1970-ல அமெரிக்க சிவில் எஞ்சினியர்கள் சங்கம் அதை வரலாற்றுச் சின்னம்னு அறிவிச்சுது. 1971-ல தேசிய வரலாற்று இடங்களோட பதிவேட்டுல சேர்ந்துது. 1972-ல வண்டிப் போக்குவரத்து நின்னு, நடக்கறவங்களுக்கு மட்டும்னு ஆச்சு. பட்டம் வாங்கிட்டு ஓய்வு பெற்ற மாதிரி. 2011-ல எஞ்சினியருங்க சோதிச்சுட்டு, இது ஆள் நடக்கக்கூட பாதுகாப்பு இல்லைன்னு சொல்லி ரெண்டு பக்கமும் அடைச்சுட்டாங்க.

110 வருஷம் பாரம் சுமந்துது. ஓய்வு கொடுத்த 39 வருஷத்துல படுத்துடுச்சு.

வயசும் ஒரு காரணம், மறுக்கலை. 1997 புத்தாண்டு சமயத்துல வந்த வெள்ளத்துல அடிச்சுட்டு வந்த மரம் மோதி அடிபட்டது வேற. ஆனா இது மட்டுமே காரணம்னு எனக்குத் தோணலை. பாலம் பாலமா இருந்த வரைக்கும் அது கெட்டா யாரோ ஒருத்தருக்கு அன்னைக்கே வலிக்கும். சுங்கம் வசூலிக்கிறவனுக்கு வருமானம் போகும். லாரிக்காரனுக்கு வழி போகும். அதனால சண்டை போட்டாவது சரி பண்ண வைப்பாங்க. அது சின்னமா மாறின பிறகு, ஒரு பலகை மக்கினா யாருக்கு வலிக்கும்? வார இறுதியில வந்து போட்டோ எடுத்துட்டுப் போற எனக்கா? எனக்கு மக்கின பலகை போட்டோவுல இன்னும் அழகாத்தான் தெரியும்!

2011-ல கலிபோர்னியா அரசாங்கத்துக்கிட்ட பணம் இல்லை. வருஷத்துக்கு 2.2 கோடி டாலர் மிச்சம் பிடிக்கணும்னு 70 மாநிலப் பூங்காக்களை இழுத்து மூடறதா பட்டியல் போட்டாங்க. இந்தப் பூங்காவும் அதுல இருந்துது. அப்ப அந்த மாநிலத்துப் பூங்காக்கள்ல, செய்ய வேண்டியது தெரிஞ்சும் செய்யாம தள்ளிப் போட்ட பராமரிப்பு வேலைகளோட மதிப்பு மட்டும் நூறு கோடி டாலருக்கு மேல. பாலம் அந்த நூறு கோடியில ஒரு வரி.

அதுக்கு மேல கூத்து 2012 ஜூலையில. மக்கள் எல்லாம் பூங்காவைக் காப்பாத்த உண்டியல் ஏந்திக்கிட்டு இருந்தப்போ, பூங்காத் துறையோட நிதிகள்ல கணக்குல காட்டாத பணம் சுமார் 5.4 கோடி டாலர் இருக்குன்னு வெளிய வந்துது. துறையோட தலைவர் ராஜினாமா பண்ணினார். மூடினா மிச்சம் ஆகும்னு சொன்ன தொகை ஞாபகம் இருக்கா? 2.2 கோடி. வடிவேலு பாணியில அவ்வ்வ்வ்னு அழறதைத் தவிர வேற என்ன பண்ண!

நல்ல வேளை, அந்த ஊர் ஆளுங்க விடலை. பாலத்தைக் காப்பாத்தணும்னு இயக்கம் நடத்தினாங்க, பணம் திரட்டினாங்க, அரசியல்வாதிங்களை விடாம நச்சரிச்சாங்க. 2014-ல மாநில அரசு பணம் ஒதுக்குச்சு. முதல்ல விழாம தாங்கிப் பிடிக்கிற வேலை. முழு சீரமைப்பு முடிஞ்சு மறுபடி ஜனங்க நடக்க ஆரம்பிச்சது 2021 நவம்பர்ல. பத்து வருஷம்! டேவிட் வுட் பாலத்தையே கட்டினது அந்த வெள்ளம் வந்து ஒரு வருஷத்துக்குள்ள.

*

திரும்பி வர்ற வழியில கார்ல பெரிய சண்டை. ரெண்டு கேள்வி வந்துது. ரெண்டும் நியாயமான கேள்விதான்.

முதல் கேள்வி: "வண்டி போக வேற பாலம் இருக்கு. ஒருத்தரும் உபயோகிக்காத இந்தப் பாலத்துக்கு எதுக்கு இத்தனை செலவு? ஸ்கூலுக்குக் கொடுக்கலாமே?"

இதுக்கு 'கலாச்சாரம், பாரம்பரியம்'னு பெரிய வார்த்தை சொல்லித் தப்பிக்க எனக்கு இஷ்டம் இல்லை. ஆமா, ஸ்கூல் முக்கியம். பணத்துக்கு அளவு இருக்கு. ஆனா கேள்வியை நாம தப்பான நேரத்துல கேட்கறோம். பாலம் படுத்த பிறகு, பில் பெருசா வந்த பிறகு, 'இவ்வளவா?'ன்னு கேட்கறோம். 1980-ல கூரையைப் பார்த்துட்டு வர ஒரு ஆள், 1990-ல நாலு பலகை மாத்த கொஞ்சம் காசுன்னு கேட்டிருந்தா அதை யாரும் ஸ்கூலோட ஒப்பிட்டிருக்க மாட்டாங்க. சின்னச் செலவை வருஷா வருஷம் தள்ளிப் போட்டா அது வட்டியோட வளர்ந்து ஒரு நாள் 'ஆடம்பரம்'ங்கற பேர்ல வந்து நிக்கும். கூரை ஓட்டையை அடைக்கிறது ஆடம்பரம் கிடையாது. அடைக்காம விட்டு, உள்ள இருக்கிற தாங்குமரத்தை மாத்தற நிலைமைக்கு வர்றதுதான் ஆடம்பரம்.

ரெண்டாவது கேள்வி: "இத்தனை மரத்தைப் புதுசா மாத்திட்டாங்களே, அப்புறம் எப்படி இது 1862 பாலம்?"

இதுக்கு நான் சொன்ன பதில், எங்க வீட்டுக் கயித்துக் கட்டில். கயிறு தொய்ஞ்சு போனா அவிழ்த்துட்டுப் புதுசா பின்னுவாங்க. ஒரு கால் கறையான் அரிச்சா ஆசாரியைக் கூப்பிட்டு அந்தக் காலை மட்டும் மாத்துவாங்க. அப்புறமும் அது தாத்தா கட்டில்தான். 'இது எத்தனை சதவீதம் தாத்தா?'ன்னு யாரும் கேட்டது கிடையாது.

ஆனா மொத்தக் கட்டிலும் வெள்ளத்துல போயிட்டா? அதே அளவுல புதுசா ஒண்ணு செஞ்சு போட்டா அது தாத்தா கட்டிலா?

இது வெறும் விவாதத்துக்காகக் கேட்கற கேள்வி இல்லை. நிஜமா நடந்துது. மேல சொன்னேனே, நியூயார்க் மாநிலத்து பிளென்ஹைம் பாலம். ஸ்கோஹாரி ஓடைக்கு மேல 1855-ல நிக்கலஸ் பவர்ஸ் கட்டினது. இதுவும் நடுவுல தூண் இல்லாம 210 அடி தாவு. சாரத்தைப் பிரிக்கும்போது பாலம் விழுந்தா நானும் விழறேன்னு சொல்லிட்டு அவர் கூரை மேல ஏறி உக்காந்துக்கிட்டதா ஒரு கதை கூட உண்டு. நம்ம சாஃப்ட்வேர் ரிலீஸுக்கெல்லாம் இப்படி ஒரு விதி இருந்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பார்த்தேன், வயித்தைக் கலக்குது. 1932-ல பக்கத்துலயே இரும்புப் பாலம் வந்ததும் இதுக்கு ஓய்வு. தேசிய வரலாற்று அடையாளம்ங்கற பெரிய பட்டமும் வாங்கிச்சு. 2011 ஆகஸ்ட் 28 அன்னைக்கு ஐரீன் புயலோட வெள்ளம் மொத்தமா அடிச்சுட்டுப் போயிடுச்சு. கலிபோர்னியாவுல பிரிட்ஜ்போர்ட் பாலத்தை அடைச்ச அதே வருஷம்!

பிளென்ஹைம்ல அதே மாதிரி புதுப் பாலம் கட்டி 2018-ல முடிச்சாங்க. இந்தத் தடவை வெள்ளத்துக்கு எட்டாத மாதிரி இன்னும் உயரத்துல. நான் அதைக் கிண்டல் பண்ண மாட்டேன். ஊர்க்காரங்களுக்கு அவங்க பாலம் வேணும், கட்டிக்கிட்டாங்க, சந்தோஷம். ஆனா பழைய பட்டத்தை மத்திய அரசு 2015-லயே எடுத்துடுச்சு. கறாரா இருந்தாலும் அது சரின்னுதான் நான் நினைக்கிறேன்.

ஏன்னா, பழைய மரம் புனிதம்ங்கறதால இல்லை. பழைய பாலத்துல ஒரு மரத்தை மாத்தற தச்சர் பக்கத்துல இருக்கிற பழைய மரத்தைப் பார்த்துத்தான் மாத்தணும். அது எங்க வெட்டியிருக்கு, எந்தக் கோணத்துல உக்காருது, முன்னாடி யார் வந்து எங்க ஆப்பு வெச்சு ஒட்டுப் போட்டாங்க, எல்லாம் அங்கயே எழுதி வெச்ச மாதிரி இருக்கும். அவர் கத்துக்கிட்டு, தன் பங்குக்கு ஒரு மரத்தைச் சேர்த்துட்டுப் போவார். அடுத்த தலைமுறை தச்சருக்கு இவரோட மரமும் பாடம். ரிப்பேர்ங்கறது ஒரு பள்ளிக்கூடம் மாதிரி. ஒரே ராத்திரியில மொத்தமும் போயிட்டா வரைபடம் மிஞ்சும், போட்டோ மிஞ்சும். அந்தப் பள்ளிக்கூடம் மிஞ்சாது.

அதனால பிரிட்ஜ்போர்ட்ல எத்தனை புது மரம் போட்டிருந்தாலும் அது 1862 பாலம்தான்னு நான் அடிச்சுச் சொல்வேன். கட்டினவங்களே மாத்தறதுக்காகத்தான் அப்படிக் கட்டினாங்க. மாத்தறது அந்தப் பாலத்தோட இயல்பு. மாத்தாம கண்ணாடிப் பெட்டியில வெச்ச மாதிரி பார்த்துக்கிட்டு இருந்தாத்தான் அது அவங்க கட்டின பாலம் இல்லாம போகுது.

*

பூங்காவுக்குள்ள வெச்சதே தப்புன்னு நான் சொல்றதா நினைச்சுக்காதீங்க. ஒரு காலத்துல அமெரிக்காவுல இந்த மாதிரி பாலங்கள் பத்தாயிரத்துக்கு மேல இருந்துது. இன்னைக்கு ஆயிரத்துக்கும் கீழ. மிஞ்சினதுல பலதும் ஏதோ ஒரு பூங்கா இடம் கொடுத்ததால மிஞ்சினதுதான். 'தி பிரிட்ஜஸ் ஆஃப் மேடிசன் கவுண்டி' படம் பார்த்தவங்களுக்கு அந்த அயோவா மாவட்டத்தைத் தெரிஞ்சிருக்கும். அங்க 1870-ல கட்டின கட்லர்-டொனஹோ பாலத்தை 1970-ல அப்படியே எடுத்துட்டு வந்து வின்டர்செட் ஊர்ப் பூங்காவுல வெச்சாங்க. அது இன்னும் இருக்கு. அதே மாவட்டத்துல சீடர் பாலத்தை 2002-ல ஒரு தடவை எரிச்சாங்க. திரும்பக் கட்டினாங்க. 2017-ல மறுபடி எரிச்சாங்க. மறுபடி கட்டினாங்க. காவலும் கவனிப்பும் இல்லாத மரப்பாலத்துக்கு மழை மட்டும் எதிரி இல்லைங்கறது புரியுது.

பூங்கா வேணும். என் வாதம் அது பத்தாதுங்கறதுதான். ஒரு பழைய பொருளைப் 'பாதுகாக்கப்பட்டது'ன்னு அறிவிச்ச அன்னைக்கே நாம எல்லாரும் நிம்மதியா தூங்கப் போயிடறோம். பலகை மாட்டியாச்சு, வேலி போட்டாச்சு, இனிமே அரசாங்கம் பாத்துக்கும். பிரிட்ஜ்போர்ட் பாலத்துக்கு 1970-லயும் 71-லயும் கொடுத்த பட்டம் ரெண்டும் 2011-ல அதைத் தாங்கிப் பிடிக்கலை. மழைத்தண்ணிக்குக் கல்வெட்டு படிக்கத் தெரியாது.

என்னைக் கேட்டா, ஒரு சின்னத்தை அறிவிக்கும்போது கூடவே ரெண்டு கேள்விக்குப் பதில் எழுதி வாங்கணும். வருஷா வருஷம் இதோட கூரையை யார் ஏறிப் பார்ப்பாங்க? அதுக்கான காசு எந்தக் கணக்குல இருந்து வரும், பட்ஜெட்ல துண்டு விழுந்தா அதை யாரும் தொட முடியாத மாதிரி எப்படி ஒதுக்கி வைக்கப் போறீங்க? இதுக்குப் பதில் இல்லைன்னா அறிவிப்பைத் தள்ளி வைங்க, முதல்ல ஏணி வாங்குங்க.

நம்ம பொட்டி தட்டற தொழில்ல இருக்கிறவங்களுக்கு இது நல்லாவே புரியும். புதுசா ஒரு வசதி செஞ்சு காட்டினா கைதட்டல், கேக். பழைய லைப்ரரியை அடுத்த வெர்ஷனுக்கு மாத்தற ஆணியைப் பிடுங்கினா? ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. அதனால அது ஒவ்வொரு ஸ்ப்ரிண்ட்லயும் தள்ளிப் போகும். ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு மொத்தமும் படுக்கும்போதுதான் அதோட அருமை தெரியும். ஹோவ் வெச்ச அந்த நட்டு மாதிரி, பின்னாடி வர்ற ஒருத்தன் இறுக்கறதுக்கு ஒரு இடம் விட்டுக் கட்டறது சாதாரண விஷயம் இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், பின்னாடி வர்றவன் நிஜமாவே ஸ்பேனரை எடுத்துக்கிட்டு வர்றது.

2021-ல பிரிட்ஜ்போர்ட் பாலத்தைத் திறந்தப்போ எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும் அதைப் பார்த்ததுல சந்தோஷம்தான். ஆனா நான் கவலைப்படறது 2035-ஐப் பத்தி. அப்ப கூரையில ஒரு சில்லு பெயரும். ஒரு மழைக்குக் கொஞ்சம் ஒழுகும். கீழ நிக்கிறவங்களுக்குத் தெரியவே தெரியாது. போட்டோவும் நல்லாத்தான் வரும். அந்த வாரமே ஒருத்தர் ஏணியைப் போட்டு ஏறினாருன்னா பாலம் இன்னும் நூறு வருஷம் இருக்கும். பட்ஜெட் இல்லை, அடுத்த வருஷம் பார்க்கலாம்னு யாராவது சொன்னா, மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

உங்க ஊர்ப் பக்கம் இந்த மாதிரி பட்டம் வாங்கிட்டுப் படுத்த பாலமோ கட்டடமோ இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. 'ஸ்கூலுக்குக் கொடுக்கலாம்' கட்சிக்காரங்களும் வாங்க, பேசுவோம். கார்ல சண்டை இன்னும் முடியலை :)

டிஸ்கி: போறதா இருந்தா மார்ச், ஏப்ரல்ல போங்க. பாலத்துக்குப் பக்கத்துல பட்டர்மில்க் பெண்ட்னு ஒரு நடைபாதை இருக்கு, ஆத்தை ஒட்டி வழி முழுக்கக் காட்டுப்பூ. மோர் எல்லாம் கிடைக்காது, பேர்தான் அப்படி. ஆறு பார்க்க சாதுவா இருக்கும், தண்ணி ஐஸ் மாதிரி, இழுப்பும் ஜாஸ்தி, இறங்கறவங்க ஜாக்கிரதை. பாலத்துக்குள்ள போனா ஒரு நிமிஷம் தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்க. நான் இவ்வளவு நேரம் புலம்பினது அதுக்காகத்தான்.